ஆடுகிறவரின் பெயர்

செத்துப்போன அப்பா யூடியூபில் ஆடிக்கொண்டிருந்தார்.

ஜொகூர் பாருவின் தெப்ராவில், தோழி பிரவீனாவின் தையல் கடையில் ஒரு கல்யாண ரவிக்கையைப் படமெடுக்க விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள் கஸ்தூரி. பாடகன் கவினின் புதுப் பாட்டு வீடியோ வெளியாகிவிட்டது, உன் வள்ளியப்பன் அண்ணன்தான் இயக்கியிருக்கிறார் என்று சொல்லிப் பிரவீனா கைப்பேசியை நீட்டினாள். கஸ்தூரி ஆசையோடுதான் வாங்கினாள்.

முதல் காட்சியில் விடியற்காலை. ஒரு பஸ் நிறுத்தத்தில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல நிற பேக்டரி சட்டை. ஒவ்வொருத்தியின் கழுத்தோரத்திலும் உள்ளே போட்டிருக்கும் தீபாவளி ரவிக்கை எட்டிப் பார்க்கிறது. சிவப்பு, கிளிப்பச்சை, ஜரிகை வைத்த மஞ்சள். பின்னணியில் உறுமி அதிர்ந்துகொண்டே போய்ச் சட்டென்று நிற்கிறது. அந்த அமைதியில் பெண்கள் எல்லோரும் ஒருசேரக் கழுத்தை நிமிர்த்துகிறார்கள்.

கஸ்தூரி கையிலிருந்த விளக்குத் தண்டைக் கீழே வைத்தாள். அவள் மனசுக்குள் வருஷக்கணக்காக வைத்திருந்த படம் அது. இன்னும் எடுக்காத படம்.

அடுத்து, நிறம் மங்கிய பழைய கல்யாண வீடியோ ஒன்று வந்தது. இதய வடிவச் சட்டத்துக்குள், ஒரு பக்கக் கை கிழிந்த வெள்ளைச் சட்டையோடு ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கி ஆடினார். மேலிருந்து ரோஜாப்பூக்கள் உதிர்ந்தன. அவர் நடிகர் இல்லை.

"இது என் அப்பா" என்றாள் கஸ்தூரி.

அப்பா மாதிரி இருக்கிறாரா என்று கேட்டாள் பிரவீனா.

"மாதிரி இல்ல. அப்பாவேதான்."

பாட்டு முடிந்ததும் 'கருத்து, இயக்கம்: வள்ளியப்பன்' என்று வந்தது. தன் பெயர் எங்காவது இருக்கும் என்று கஸ்தூரி மறுபடி ஒருமுறை முழுசாகப் பார்த்தாள். ஒப்பனை செய்தவர் பெயர் இருந்தது, சாப்பாடு கொண்டுவந்த கடையின் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை. அப்பா பெயரும் இல்லை.

அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அப்பா அர்ச்சுனன் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகையில் பாசிர் கூடாங் சாலையில் லாரி மோதி இறந்துபோனார். அவரைப் பற்றிச் சொந்த ஞாபகம் என்று அவளுக்கு எதுவுமே இல்லை. வீட்டில் இருந்த புகைப்படங்களில் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றார். அவர் அசைவது ஒரே இடத்தில்தான். பெக்கோக் என்ற ஊரில் ஒரு செம்பனைத் தோட்டத்து மண்டபத்தில் நடந்த சித்தப்பாவின் கல்யாணக் கேசட் அது. மலர் என்ற அவள் அம்மா பேக்டரி வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டுப் பார்க்கும். அப்பா ஆடி முடித்ததும் நிறுத்திவிட்டுத் திரும்பவும் ஓட்டிப் பார்க்கும். அம்மா அந்தக் கேசட்டைத் தொட்டதே இல்லை.

கஸ்தூரி எந்தக் கல்லூரியிலும் போய் புகைப்படம் படிக்கவில்லை. ஆடுகிற உடம்பைச் சட்டத்துக்குள் எப்படி வைப்பது, எப்போது கிட்டே போவது, எப்போது விட்டு விலகி நிற்பது என்பதெல்லாம் அந்தக் கேசட்டிலிருந்து வந்ததுதான். கோயில் திருவிழாவில் உறுமிமேளத்துக்குப் பக்கத்தில் நின்று நின்று அவளுக்கு இன்னொன்றும் பிடிபட்டிருந்தது. அடி விழும்போது எல்லோரும் ஆடுவார்கள். அடி நிற்கிற அந்த ஒரு நொடியில்தான் உடம்பு தன்னை அறியாமல் நிமிரும். அவள் படமெடுக்கும்போது காதில் உறுமியை ஓடவிட்டு, நிற்கிற இடத்தில் சொடுக்குவாள். வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாணமும் சடங்கும் எடுத்தாள். தனக்காக எடுத்தது நாகரிக உடைப் படங்கள். பிரவீனா தைத்த ரவிக்கைகளை மாசாய் வட்டாரத்து அடுக்குமாடிப் படிக்கட்டிலும் துணி காயும் கொடிக்குப் பின்னாலும் வைத்து எடுத்த அந்தப் படங்களைப் பார்த்தாலே இது கஸ்தூரி எடுத்தது என்று ஜொகூர் பாருவில் சிலர் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

அப்படி முதலில் சொன்னது வள்ளியப்பன்தான். செட்டிநாட்டிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக ஜொகூர் பாருவில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். ஆஸ்திரேலியாவில் சினிமா படித்துவிட்டு வந்தவர். தன் கடையின் தீபாவளி விளம்பரத்தை நம்பி அவளிடம் கொடுத்தார். தன்னுடைய லென்சை மாதக்கணக்கில் அவளிடம் விட்டுவைத்தார். நாலு பேர் இருக்கும் இடத்தில் அவளைக் கைகாட்டிப் பேசினார். அவள் அவரை அண்ணா என்று கூப்பிட்டது வாய்வார்த்தைக்கு இல்லை.

போன வருஷம் ஒரு படப்பிடிப்பு முடிந்து தெப்ராவில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தபோது அவர் கேட்டார், உன் கண்ணு எங்கிருந்தும்மா வருது என்று. அதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாசாய் பஸ் நிறுத்தத்தில் நீலச் சட்டைக்குள் தீபாவளி ரவிக்கை போட்டு நின்ற அம்மாவை, உறுமியை, கேசட்டை. பிரவீனாவின் ரவிக்கைகளை வைத்து அந்த பஸ் நிறுத்தப் பெண்களையே எடுக்கப்போவதாகவும், ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். அவர் முன்னால் இருந்த தே தாரிக் தேநீரில் ஆடை படியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அவசரப்படாதே, நிதானமாகச் செய் என்றார். கேசட்டைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றார். அவள் வீட்டுக்கு வந்ததும் அதன் பிரதியை அனுப்பிவைத்தாள்.

பாட்டு வெளியான அன்று அவள் விடாமல் கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை. சாயங்காலம் ஒரு செய்தி வந்தது. உன் அப்பாவுக்கு இது ஒரு மரியாதை, நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன், வேலை நெருக்கடி, பிறகு பேசலாம். கஸ்தூரி அதை வாசித்துவிட்டுக் கைப்பேசியைக் கட்டிலில் எறிந்தாள். அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. அவள் சந்தோஷப்பட வேண்டுமாம்.

பிரவீனா வக்கீலைப் பார்க்கலாம் என்றாள். அதற்குள், ஜொகூர் பாருவில் ஒரு கலைக்கூடத்தில் வள்ளியப்பன் பேசப்போகிறார் என்று அறிவிப்பு வந்தது. 'என் கண்ணைத் திறந்தவை' என்பது தலைப்பு. நாகரிக உடைப் புகைப்படம், இசை, வீடியோ ஆகியவற்றில் தன்னைப் பாதித்தவை பற்றி இயக்குநர் மனம் திறந்து பகிர்ந்துகொள்வார் என்று போட்டிருந்தது. கஸ்தூரி தன் பெயரைப் பதிந்தாள்.

அன்றைக்குச் சனிக்கிழமை மத்தியானம். நாற்காலி எல்லாம் நிரம்பிக் கொஞ்சம் பேர் சுவரோரம் நின்றார்கள். வள்ளியப்பன் கறுப்புச் சட்டையில் வந்து உயரமான முக்காலியில் உட்கார்ந்தார். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்த சில படங்களைக் காட்டி, இளம் வயதில் இவை தன்னை எப்படிப் பாதித்தன என்று சொன்னார். அதுவரை கஸ்தூரிக்கு ஒன்றுமில்லை. பிறகு, ஆனால் என்னுடைய உண்மையான பள்ளிக்கூடம் மாசாய் பஸ் நிறுத்தம்தான் என்றார். சின்ன வயதில் அப்பாவோடு காரில் போகும்போது ஜன்னல் வழியாக அந்தப் பெண்களைப் பார்த்திருக்கிறாராம். நீலச் சட்டைக்குள் ஒளிந்திருக்கும் பண்டிகையை அப்போதே கண்டுகொண்டாராம்.

பின்வரிசையில் கஸ்தூரிக்குக் காது சூடேறியது. பொய் சொல்வார் என்று தெரிந்துதான் வந்திருந்தாள். இவ்வளவு சுலபமாகச் சொல்வார் என்று நினைக்கவில்லை.

அவர் உறுமிக்கு வந்தார். அடி விழும்போது எல்லோரும் ஆடுவார்கள், அடி நிற்கிற நொடியில்தான் உடம்பு நிமிரும், அங்கேதான் நான் படம் எடுப்பேன் என்றார். அவள் மாமாக் கடையில் சொன்ன அதே சொற்கள், அதே வரிசை. முன்வரிசையில் ஒரு பெண் அதைக் குறித்துக்கொண்டாள். கடைசியாகத் திரையில் அப்பா வந்தார். தோட்டத்துப் பக்கம் கிடைத்த ஒரு பழைய கேசட் என்றார் வள்ளியப்பன். இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கிற பொக்கிஷங்களைத் தேடி எடுப்பதும் கலைஞனுடைய வேலைதான் என்றார்.

கேட்பாரற்று. அந்தச் சொல்லில்தான் அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

கேள்வி நேரம் வந்ததும் கையைத் தூக்கினாள். நிகழ்ச்சியை நடத்திய பெண் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கஸ்தூரியைக் கண்டதும் வள்ளியப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் பாதியோடு நின்றுவிட்டது.

"வள்ளியப்பன்" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. "அந்தக் கேசட்ல ஆடுறவரோட பேர் என்ன?"

அவர் தண்ணீர் குடித்தார். "நல்ல கேள்வி, கஸ்தூரி. பேர் தெரியாத மனுஷங்க அவங்க. இந்தப் படைப்போட அழகே அதானே."

"பேர் தெரியும். உங்களுக்கே தெரியும், நான் சொல்லியிருக்கேன். அர்ச்சுனன். என் அப்பா. அந்தக் கேசட் எங்கயும் கிடைக்கல, நான்தான் உங்களுக்குக் குடுத்தேன். பஸ் ஸ்டாப்ல நின்னது என் அம்மா. உறுமி நிக்கிறப்ப உடம்பு நிமிரும்னு சொன்னீங்களே, உறுமி அடிக்கிற இடத்துல நீங்க என்னிக்காவது நின்னிருக்கீங்களா?"

யாரோ ஒருவர் ஒரே ஒரு தடவை கைதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி, சொந்த விஷயத்தையெல்லாம் இங்கே பேசக்கூடாது என்றார். நடத்துகிற பெண் இதை நிகழ்ச்சிக்குப் பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாமே என்று சொல்லி, கஸ்தூரியின் கையிலிருந்து ஒலிவாங்கியை மெதுவாக வாங்கிக்கொண்டாள். அடுத்த கேள்வி எந்த கேமரா நல்ல கேமரா என்பது. வள்ளியப்பன் அதற்கு நீளமாகப் பதில் சொன்னார்.

படிக்கட்டில் அவள் இறங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்தார்.

"எல்லார் முன்னாடியும் இப்படிப் பண்ணிட்டியேம்மா. ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணேன். நீங்க எடுக்கல."

அவர் குரலைத் தாழ்த்தி விளக்கினார். உந்துதல் என்பது யாருக்கும் சொந்தமில்லை, எல்லோரும் எல்லோரிடமிருந்தும் எடுக்கிறோம் என்றார். நீயே அந்தக் கேசட்டிலிருந்து கற்றுக்கொண்டேன் என்று சொன்னவள்தானே என்றார். நீ இதை மனசுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தாய், நான் எடுத்ததால் இன்றைக்கு லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் ஒன்றிரண்டு உண்மையும் இருந்தது. அதனால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"நீங்க கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன்" என்றாள். "அதான் எனக்கு எரியுது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா எல்லாத்தையும் தூக்கிக் குடுத்திருப்பேன்."

அவர் தரையைப் பார்த்தபடி, நன்றி என்று உன் பெயரைப் போட்டுவிடுகிறேன் என்றார்.

"என் பேர் வேணாம். என் அப்பாவ எடுத்துடுங்க."

அது என் கையில் இல்லை, பாட்டை வெளியிட்ட நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் மேலே போய்விட்டார்.

அடுத்த வாரம் அவள் நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்று நடந்தது. ஏதோ கல்லூரிப் பையன்கள், ஒரு கை கிழித்த வெள்ளைச் சட்டை போட்டு, அப்பா ஆடியதுபோலவே ஆடி, அதே இதயச் சட்டத்தையும் ரோஜாப்பூவையும் போட்டு வெளியிட்டார்கள். அது பிடித்துக்கொண்டது. ஈப்போவில் ஆடினார்கள், கிள்ளானில் ஆடினார்கள், சிங்கப்பூரில் அலுவலகச் சட்டையோடு ஆடினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். ஹார்ட் அங்கிள்.

கஸ்தூரி அம்மாவிடம் அதுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஒரு நாள் மலர் வேலை முடிந்து பேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, பையைக்கூடக் கழற்றாமல் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பாவப் பாத்து எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றாள். "கேண்டீன்ல ஒருத்தி எந்திரிச்சு நின்னு ஆடிக் காட்டுறா. அது என் புருஷன்னு அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லல. எல்லாரோடயும் சேந்து சிரிச்ச மாதிரி உக்காந்திருந்தேன்."

கஸ்தூரி எல்லாவற்றையும் சொன்னாள். வள்ளியப்பனை, கலைக்கூடத்தை, தான் எழுந்து கேட்டதை. அவனை நான் விடப்போவதில்லை என்றாள்.

"அவன் யாரு எனக்கு? கேசட்ட குடுத்தது நீ."

"நம்பிக் குடுத்தேன்மா."

"அது உன்னோடதா? எடுத்துக் குடுக்க?" மலரின் குரல் உயரவில்லை. "அவர் போனதுக்கப்புறம் அத நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல. பாத்தா தாங்காதுன்னு உள்ள வச்சிருந்தேன். நீ ஊருக்கே காட்டிட்ட. என்னையும் சொல்லியிருக்க. தீபாவளி ரவிக்கைய உள்ள போட்டுக்கிட்டு அழகா நின்னேன்னு. கம்பெனி சட்டை கழுத்துல அரிக்கும். பழைய ரவிக்கை மெத்துனு இருக்கும், உள்ள போட்டுக்குவோம். எல்லாரும் அப்படித்தான். அந்த நேரத்துல எனக்குத் தூக்கம்தான் வரும். அழகு என்ன அழகு?"

எத்தனையோ வருஷமாக அந்தக் கழுத்தோரத்தை நினைத்து நினைத்துத்தான் கஸ்தூரி ஒரு கண்ணையே வளர்த்திருந்தாள். அது அரிப்புக்குப் போட்ட துணி. அம்மா எழுந்து குளிக்கப் போனாள். இரண்டு நாள் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

அந்த இரண்டு நாளும் கஸ்தூரி தூங்காமல் கைப்பேசியில் பையன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தனாகப் பிடித்து அறைய வேண்டும் போலிருந்தது. அவர்கள்மீது கோபப்பட்டு என்ன பயன் என்றும் தெரிந்தது. அவர்களுக்கு அது ஒரு பெயர் தெரியாத ஆள். அப்படித்தான் அவர்கள் கைக்கு அது வந்து சேர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது கஸ்தூரி கேட்டாள்.

"ஒரு வீடியோ போடப்போறேன்மா. நடந்தத நானே சொல்லப்போறேன். உங்களப் பத்திச் சொல்லலாமா?"

மலர் செருப்பை மாட்டிக்கொண்டாள். "என் பேர் வேணாம். அவர் பேரச் சொல்லு. ஹார்ட் அங்கிள், ஹார்ட் அங்கிள்னு கூப்பிடுறானுங்க. அந்த மனுஷனுக்குப் பேர் இருக்குன்னு சொல்லு."

கஸ்தூரி வெற்றுச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, விளக்கு எதுவும் போடாமல் தன்னைப் பதிவுசெய்தாள். தன் அப்பா பெயர் அர்ச்சுனன் என்று தொடங்கினாள். அவர் என்ன வேலை செய்தார், எந்தச் சாலையில் இறந்தார் என்று சொன்னாள். கேசட்டிலிருந்து தான் கற்றது, உறுமியிடமிருந்து கற்றது, பேக்டரி பஸ்ஸுக்கு நின்ற பெண்களைப் பார்த்துக் கற்றது எல்லாம் சொன்னாள். அவர்கள் கழுத்து அரிக்காமல் இருக்கத்தான் அந்த ரவிக்கையைப் போட்டார்கள் என்பது தனக்கு இந்த வாரம்தான் தெரியும் என்பதையும் சொன்னாள். பிறகு வள்ளியப்பனின் பெயரைச் சொல்லி, அவர் எதை எங்கே எடுத்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் அழவில்லை. சந்தையில் சண்டை போடுகிறவள் மாதிரிதான் பேசினாள். பிரவீனா பார்த்துவிட்டு, கொஞ்சம் மெதுவாகப் பேசி மறுபடி எடுக்கலாமா என்று கேட்டாள். கஸ்தூரி அப்படியே வெளியிட்டாள்.

பொறாமை என்று எழுதினார்கள். விளம்பரம் தேடுகிறாள் என்று எழுதினார்கள். ஆடிக்காட்டிய பையன்களில் சிலர் தங்கள் வீடியோவை எடுத்துவிட்டு, மன்னிச்சிடுங்க அங்கிள் என்று அப்பாவிடமே எழுதினார்கள். அதை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். பாடகன் கவினே கூப்பிட்டான். அது காசு கொடுத்து வாங்கிய காட்சி என்றுதான் தன்னிடம் சொல்லப்பட்டது என்றான். அந்த வாரம் முடிவதற்குள் பாட்டிலிருந்து அப்பா போய்விட்டார். பஸ் நிறுத்தம் மட்டும் இருந்தது. துணிக்கடை விளம்பர வேலை நின்றது. வள்ளியப்பன் குடும்பத்துக்கு வேண்டியவர்கள் வீட்டில் ஒத்துக்கொண்டிருந்த இரண்டு கல்யாணங்களும் வேறு ஆளுக்குப் போயின.

வள்ளியப்பனிடமிருந்து நீளமாக ஒரு செய்தி வந்தது. நன்றி என்று உன் பெயரைச் சேர்த்துவிட்டேன், காட்சியையும் எடுத்துவிட்டார்கள், இனி உன் வீடியோவை நீக்கிவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது, எத்தனை வருஷப் பழக்கம், நான் உனக்குச் செய்ததெல்லாம் மறந்துவிட்டதா என்று கேட்டிருந்தார்.

மறக்கவில்லை, அதனால்தான் நீக்க மாட்டேன் என்று பதில் எழுதினாள். அதற்கப்புறம் அவர் எழுதவில்லை.

அதோடு முடிந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பெக்கோக்கிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பெயர் ஹேமநாதன் என்றார். பிரவீனாவின் கடை எண்ணைக் கண்டுபிடித்து, அவளிடமிருந்து கஸ்தூரியின் எண்ணை வாங்கியிருந்தார்.

"உங்க வீடியோவப் பாத்தேன்மா. நீங்க அந்த மண்டபத்துல கேட்டதையும் பாத்தேன், யாரோ எடுத்துப் போட்டிருந்தாங்க. ஆடுறவர் பேர் என்னன்னு கேட்டீங்கல்ல? நான் உங்கள ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கேசட்ட எடுத்தவன் பேர் என்ன?"

கஸ்தூரி அதை ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

"நான்தான்" என்றார். "பேரு கேசட்லயே போட்டிருக்கேன். கடைசி வரைக்கும் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததே இல்லை. அப்பா ஆடி முடித்ததும் நிறுத்திவிடுவாள். வள்ளியப்பனுக்கு அனுப்பியதுகூட அந்த இடம்வரை வெட்டிய பிரதிதான். அவளுக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். இத்தனை நாள் சண்டை போட்டுச் செத்துக்கொண்டிருந்தவள் அவள், இப்போது கடைசியில் இன்னொருவர் வந்து நிற்கிறார் என்ற கோபம். இதைப் போனில் பேச முடியாது என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகு, வள்ளியப்பன் தன்னிடம் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான் என்று ஞாபகம் வந்தது. பிறகு பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை பிரவீனாவின் மைவி காரை வாங்கிக்கொண்டு பெக்கோக்குக்கு ஓட்டினாள். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம் வந்துகொண்டே இருந்தது. ஹேமநாதன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். தலை முழுக்க நரைத்தவர், தொப்பை விழுந்தவர். அவளைக் கண்டதும் உட்காரச் சொன்னார். சிரிக்கவில்லை.

"ஹார்ட்டப் பாத்துத்தான் எல்லாரும் சிரிச்சாங்க" என்றார். "உங்க அப்பா நல்லாத்தான் ஆடினாரு. சிரிப்பு என்னோட ஹார்ட்டுக்கு. என் மருமகனே எனக்கு அனுப்பிச்சான், இதப் பாருங்க மாமா, எவனோ எடுத்திருக்கான்னு. நான்தாண்டான்னு எப்படிச் சொல்றது?"

அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் யாரிடமும் வீடியோவில் இதயமும் பூவும் போடும் அந்த இயந்திரம் கிடையாது, சிங்கப்பூர் போய் வாங்கி வந்தது என்றார். மாப்பிள்ளை வீட்டாரே கேட்டுப் போடச் சொன்னார்கள், பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வைத்தார்கள் என்றார். சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது. கஸ்தூரி குறுக்கே பேசாமல் கேட்டாள். இந்த மூன்று வாரமாக அவள் குரல் இருந்த மாதிரியே அவர் குரலும் இருந்தது.

தொகுப்பதற்கு முன் எடுத்த மூலக் கேசட் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டாள். வெட்டாமல் எடுத்தது, அப்பா இன்னும் கொஞ்சம் இருக்கிற மாதிரி. இல்லை என்றார். அதன்மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்துவிட்டாராம்.

"அப்பாவ ஏன் அவ்வளவு நேரம் எடுத்தீங்க, அங்கிள்?"

"வேற யாரும் ஆடலம்மா. அவர் ஒருத்தர்தான் ஆடினாரு."

கஸ்தூரி தலையை ஆட்டினாள். தெரியாமல் போனது என் தப்பு என்றாள். அவர் அதை ஏற்றுக்கொண்ட மாதிரியும் இல்லை, மறுத்த மாதிரியும் இல்லை. மேசை விசிறியைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். உங்களைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று அவள் கேட்டபோது மட்டும் பட்டென்று சொன்னார்.

"மொதல்ல பேரப் போடுங்க. அப்புறம் படம்."

அவள் அங்கேயே பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து தன் வீடியோவின் கீழே எழுதினாள். இந்தக் கல்யாண வீடியோவை எடுத்தவர் பெக்கோக் ஹேமநாதன், இத்தனை நாள் இவர் பெயரைத் தேடாமல் இருந்தது என் பிழை என்று எழுதி அவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஊர்ப் பெயரில் ஒரு ஒற்று விட்டுப்போயிருப்பதைக் காட்டினார். திருத்தினாள். வாங்கி மறுபடி வாசித்தார். கடைக்கு வந்த ஒரு மலாய்க்காரப் பெண் தன் கைப்பேசி தயாரா என்று கேட்டாள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு மூன்றாம் தடவையும் வாசித்தார்.

"இப்ப எடுங்க" என்றார்.

கடை வாசலில் வெளிச்சம் நன்றாக இருந்தது. அங்கே வந்து நிற்க முடியுமா என்று கேட்டாள். வந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் இடுப்பில் ஊன்றிக்கொண்டார். கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தபோது அவர் புருவம் இன்னும் நெரிந்திருந்தது. சிரிக்கச் சொல்லத் தோன்றவில்லை அவளுக்கு. அப்படியே எடுத்தாள்.